நார்மண்டியில் விற்பனைக்கு நிற்கும் டாட்ஜ் டபிள்யூசி-54 ஆம்புலன்ஸ்: 24,500 யூரோ கொடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பிரான்ஸின் நார்மண்டியில் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ஆம்புலன்ஸ் ஒன்றை 24,500 யூரோவுக்கு விற்கிறார். விளம்பரத்தில் இருப்பது: டாட்ஜ் டபிள்யூசி-54, 1943, இன்ஜின் புதுப்பித்தது, ஓடும் நிலை, நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்ற வண்டி, உள்ளே சில பொருட்கள் இல்லை. நீங்கள் லண்டன் பக்கம் இருக்கிறீர்கள், வார இறுதியில் குடும்பத்தோடு ஓட்ட நினைக்கிறீர்கள். விலை நியாயமா என்பதுதான் மேலே எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில், "இன்ஜின் நன்றாக இருந்தால் போதும், மற்றதை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான். இந்த வண்டியைப் பொறுத்தவரை பதில் நேர் எதிர்: கூண்டு (சேசிஸின் மேல் உட்காரும் தகட்டு உடல்) நன்றாக இருந்தால் போதும், இன்ஜினை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. போர்க்காலத்தில் டாட்ஜ் செய்த முக்கால் டன் வண்டிகள் எல்லாம் ஒரே குடும்பம். ஆளும் பொருளும் ஏற்றிய டபிள்யூசி-51, முன்னால் வின்ச் வைத்த டபிள்யூசி-52, அதிகாரிகள் போன டபிள்யூசி-56, இந்த ஆம்புலன்ஸ் என எல்லாவற்றிலும் அதே டி-214 (T-214) இன்ஜின், அதே நாலு கியர் பெட்டி, அதே ஆக்சில், பிரேக். டபிள்யூசி-51 மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் மெக்கானிக்கல் உதிரிபாகம் இன்றைக்கும் பிரான்ஸ், நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்காவில் ராணுவ வண்டி உதிரி விற்பவர்களிடம் கிடைக்கிறது. ஆம்புலன்ஸ் 1942 முதல் 1944 வரை ஏறத்தாழ 26 ஆயிரம்தான். அதன் கூண்டைக் கட்டியது இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த வேய்ன் நிறுவனம். கூண்டின் பக்கத் தகடு, பின் கதவு, உள்ளே ஸ்ட்ரெச்சர் தாங்கும் இரும்பு ஆகியவற்றை டபிள்யூசி-51-லிருந்தோ 52-லிருந்தோ கழற்றி மாட்ட முடியாது. இன்ஜின் செத்துப்போனால் வேறு இன்ஜின் வாங்கலாம். கூண்டின் அடிவரிசை உதிர்ந்துபோனால் ஒவ்வொரு அங்குலத்தையும் தகடு வளைத்துக் கையால் செய்ய வேண்டும்.

முதல் வேலை, அது டபிள்யூசி-54தானா என்று உறுதி செய்வது. விற்பவர்கள் எல்லா டாட்ஜ் ஆம்புலன்ஸையும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். இதற்கு முந்தைய அரை டன் வகைகள் (டபிள்யூசி-9, 18, 27) உயரமான, வளைந்த பானெட்டும் மெலிந்த 7.50-16 டயரும் கொண்டவை. நீங்கள் பார்ப்பது தட்டையான அகலப் பானெட்டும் 9.00-16 டயருமாக இருக்க வேண்டும். 1950-களில் வந்த எம்-43 இன்னொன்று. அது 24 வோல்ட், கூண்டின் தோற்றமும் வேறு. 1945-இல் வந்த டபிள்யூசி-64 கப்பலில் இடம் மிச்சம் பிடிக்கப் பிரித்து அனுப்பும்படி கட்டியது, பின்பெட்டி ஓட்டுநர் அறையைவிட அகலமாகத் தனியே தெரியும். ஐயமே வேண்டாம் என்றால் டேப்பை எடுத்து முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளக்கச் சொல்லுங்கள். 121 அங்குலம், அதாவது 307 செ.மீ. வர வேண்டும். 249 வந்தால் அது டபிள்யூசி-51 அல்லது 52-இன் சேசிஸ். 290 வந்தால் டபிள்யூசி-53 பயணி வண்டியுடையது. அளவு சரியாக வந்தாலும் ஓட்டுநர் அறைக்கும் பின் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே சேசிஸ் உத்தரத்தில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். குட்டைச் சேசிஸை நீட்டியிருந்தால் அங்கேதான் தெரியும்.

இனி கூண்டு. இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். உள்பக்கம் உறைத்தகடு இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். மழைநீர் நுழைவது கூரையின் ஓரக் கால்வாயிலும், ஜன்னல் ரப்பரிலும், பின் கதவு ரப்பரிலும். நுழைந்த நீர் இரு தகடுகளுக்கு நடுவே இறங்கிக் கடைசியில் தரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் தங்கும். அதனால் எப்போதும் கீழ் ஆறு அங்குலம்தான் முதலில் போகும்: பக்கச் சுவரின் அடி, பின்சக்கர வளைவின் மேல்விளிம்பு, கதவுகளின் அடிப்பாகம், பின்படி பொருந்தும் குறுக்கு இரும்பு. மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் இந்த இடங்களில் இழுத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அடியில் இருப்பது தகடு அல்ல, பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மறைக்கப் பூசும் பசை. பதினைந்து வருடத்துக்கு முன் "முழுதாகச் செய்தது" என்று சொல்லும் வண்டியில் பட்டி இருப்பது பாவமில்லை. விரற்கடைத் தடிமனில் இருந்தால்தான் விலையைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்து கூண்டு சேசிஸின் மேல் உட்காரும் தாங்கிகள். ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரின் பின்புறத்தால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும். தாங்கி போனால் கூண்டு ஒரு பக்கம் இறங்கும், பின் கதவு இரண்டும் சேரும் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் தெரியும். சமதரையில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். பிறகு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஒரு செங்கல் உயரத்துக்கு ஏற்றி மறுபடி மூடிப் பாருங்கள். சேசிஸ் முறுகுவது இந்த வண்டிக்கு இயல்பு, கதவு கொஞ்சம் இறுகும். அடியோடு மூட மறுத்தால் கூண்டின் எலும்பு தளர்ந்திருக்கிறது. கூரையில் ஓட்டை போட்டு அடைத்த தழும்புகள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இவை பல கைகள் மாறி ஓடியவை. அப்போது பொருத்திய விளக்கும் ஏணியும் விட்டுச்சென்ற தடயங்களாக இருக்கலாம்.

உள்ளே "சில பொருட்கள் இல்லை" என்பதைத் துருவிக் கேளுங்கள். எந்தப் பொருட்கள் என்பதில் ஆயிரக்கணக்கான யூரோ வித்தியாசம் இருக்கிறது. இந்த வண்டி படுத்த நிலையில் நாலு பேரை, அல்லது உட்கார்ந்த நிலையில் ஏழு பேரை ஏற்றும்படி கட்டியது. அதற்காகப் பக்கவாட்டில் மடக்கு இருக்கைகள், மேல்வரிசை ஸ்ட்ரெச்சரைத் தாங்கும் கொக்கிகளும் பட்டைகளும், ஓட்டுநர் அறைக்கும் பின்னறைக்கும் நடுவே தடுப்பும் கதவும், உள்விளக்கு, ஹீட்டர், மடங்கும் பின்படி எல்லாம் இருந்தன. ஸ்ட்ரெச்சர் இல்லை என்றால் பரவாயில்லை, அதே காலத்து அமெரிக்க மடக்கு ஸ்ட்ரெச்சர்கள் ராணுவப் பழம்பொருள் சந்தைகளில் சுலபமாகக் கிடைக்கும். துணிப்பட்டையைத் தைத்துவிடலாம். சுவரில் பதிந்த இரும்புத் தாங்கிகள், இருக்கைச் சட்டங்கள், நடுத்தடுப்பின் கதவு ஆகியவை இல்லை என்றால் அது வேறு கதை. கேம்பர் வேனாகவோ சரக்கு வண்டியாகவோ மாற்றியவர்கள் முதலில் வெட்டி எறிந்தது இவற்றைத்தான். இந்த வண்டியில் எனக்கு மிகவும் சந்தேகமான இடமும் இதுவே: பின்பக்கம் திறந்த நிலையில் ஒரு படமாவது விளம்பரத்தில் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை.

இன்ஜினைப் பற்றி. டி-214 என்பது வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 230 கன அங்குலம், அதாவது சுமார் 3.8 லிட்டர், 3,200 சுற்றில் 92 குதிரைத்திறன். முரட்டு ஆள். கம்ப்ரஷன் விகிதம் 6.7-தான், அன்றைய மட்டமான பெட்ரோலுக்காகவே செய்தது, ஆகவே ஆக்டேன் பற்றிக் கவலை இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு பலவீனம் உண்டு. வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளம் முழுக்க ஓடும் மெல்லிய தகட்டுக் குழாய் ஒன்று இருக்கிறது. குளிர்ந்த நீரைக் கடைசி சிலிண்டர் வரை பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. துருப்பிடித்து அது உதிர்ந்தால் நீர் முன்பக்கமே சுற்றித் திரும்பிவிடும், பின் சிலிண்டர்கள் காயும். வெப்பமானி சாதாரணமாகவே காட்டும், ஆனால் ஐந்தாம், ஆறாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு எரியும், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே பிளாக் விரிசல் விடும். "இன்ஜின் புதுப்பித்தது" என்று சொல்லும் பலர் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றியிருப்பார்கள், இந்தக் குழாயைத் தொட்டிருக்க மாட்டார்கள். ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் கழற்றினால்தான் இதை வெளியே இழுக்க முடியும், அதிலும் பாதிக் குழாய் உள்ளேயே ஒடிந்து நிற்கும்.

இதைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிறிய இன்ஃப்ரா ரெட் வெப்பமானி ஒன்றை எடுத்துப் போங்கள். இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு சிலிண்டர் ஹெட்டின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே உயரத்தில் ஐந்தாறு இடங்களில் அளவெடுங்கள். பின்பக்கம் சில டிகிரி கூடுவது இயல்பு. 15 டிகிரிக்கு மேல் கூடினால் அந்தக் குழாய் போயிருக்கலாம் அல்லது நீர்வழியில் சேறு அடைத்திருக்கலாம். இது உறுதியான சோதனை இல்லை, சந்தேகத்தை எழுப்பும் சோதனை. கம்ப்ரஷன் பார்க்க அனுமதித்தால் இன்னும் நல்லது: சூடான இன்ஜினில், ஆறு பிளக்கும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து. நல்ல இன்ஜின் 110 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) பக்கம் காட்டும். எண்ணைவிட, ஆறுக்கும் நடுவே உள்ள வித்தியாசமே முக்கியம், 15-க்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அது சின்ன வேலை. பிளாக்கின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் வெல்டிங் அல்லது தையல் ஆணித் தழும்பு இருந்தால், எப்போதோ பனியில் நீர் உறைந்து பிளந்திருக்கிறது. நன்றாகத் தைத்த பிளாக் பல வருடம் ஓடும். இருந்தாலும் விலை குறையத்தான் வேண்டும். ஆயில் பிரஷர் சூடான நிலையில் ஓடும்போது 30 பி.எஸ்.ஐ.க்கு மேலும், ஐட்லிங்கில் 15 அளவிலும் நின்றால் திருப்தி. ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்.

இன்ஜின் எண் பிளாக்கின் இடப்பக்கம், முன்பகுதியில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே தட்டையான மேட்டில் குத்தியிருக்கும். டி-214 என்று ஆரம்பித்தால் அந்தக் காலத்தது. வேறு குறியில் ஆரம்பித்தால் பெரும்பாலும் வேறொரு டாட்ஜ் அல்லது பிளிமத் வண்டியின் இன்ஜின் ஏறியிருக்கிறது. ஓட்டத்துக்குக் குறையில்லை, சேகரிப்பு மதிப்புக்குக் கொஞ்சம் குறை. புதுப்பித்ததற்கு ரசீது கேளுங்கள். சிலிண்டரை எவ்வளவு அகலப்படுத்தினார்கள், கிராங்கை எவ்வளவு தேய்த்தார்கள் என்ற எண்கள் ரசீதில் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. "என் நண்பர் செய்தார்" என்ற பதிலுக்குப் பண மதிப்பு கிடையாது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய், பம்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் எல்லாம் அதில் ஊறி உருகும். குழாய்களை மாற்றிவிட்டு, ஐந்து சதவீத சூப்பர் பெட்ரோல் போடுங்கள்.

மின்சாரம் 6 வோல்ட். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் உடனே 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்பார்கள், தேவையே இல்லை. பெரும்பாலும் யாரோ 12 வோல்ட் காருடைய மெலிந்த பேட்டரி கேபிளைப் போட்டிருப்பார்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரு மடங்கு மின்னோட்டம் போக வேண்டும். 50 சதுர மி.மீ.க்குக் குறையாத கேபிள், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த் இணைப்பு, அவ்வளவுதான், காலால் மிதிக்கும் அந்த ஸ்டார்ட்டர் இன்ஜினைத் தூக்கிச் சுற்றும். ஏற்கெனவே 12-க்கு மாற்றியிருந்தால் மீட்டர்கள், காயில், பல்புகள் எல்லாம் மாறினவா என்று கேளுங்கள். பின்விளக்கில் ஒரு சங்கதி: அமெரிக்க ராணுவ ஏற்பாட்டில் சாதாரணப் பின்விளக்கும் பிரேக் விளக்கும் இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கத்தில் இருப்பது இருட்டடிப்பு நேரத்து மங்கல் விளக்கு. இரவில் மோட்டார்வேயில் ஒரே சிவப்பு விளக்கோடு போகும் வண்டியைப் பின்னால் வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைப்பார். இரண்டு பக்கமும் எரியும்படி மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதிர்பார்க்க வேண்டியவை: கியரில் சின்க்ரோ (பற்சக்கரங்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு) கிடையாது, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்கத் தெரிய வேண்டும். முதல் கியர் ஏற்றத்துக்கும் சேற்றுக்கும், சமதரையில் இரண்டாவதில் கிளம்புவதே வழக்கம். கியர்பாக்ஸ் ஊளையிடும், அது நோயல்ல. மூன்றாவதிலோ நான்காவதிலோ ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால்தான் நோய். முன் ஆக்சிலைச் சேர்க்கும் லீவரைத் தார்ச்சாலையில் போடாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கும், பிறகு லீவர் வெளியே வராது. புல்தரையில் சேர்த்து, ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பி மெல்ல நகருங்கள். முன்சக்கரப் பக்கம் டக் டக் என்று கேட்டால் உள்மூட்டு தேய்ந்திருக்கிறது. ஆக்சில் விகிதம் 5.83. அதனால் 45 மைல் வேகத்திலேயே இன்ஜின் 2,650 சுற்றைத் தாண்டும், உச்ச வேகம் 54 மைல். சௌகரியமாக ஓட 40 முதல் 45 மைல். பெட்ரோல் கணக்கு நூறு கிலோமீட்டருக்கு 30 லிட்டரை ஒட்டி வரும். வார இறுதி ஓட்டம் என்று சொன்னதால் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

பிரேக் நாலு சக்கரத்திலும் ஹைட்ராலிக் டிரம், ஆனால் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் உடைந்தால் மிதி தரைக்குப் போகும், மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். அதுவும் சக்கரத்தில் அல்ல, பின்னால் போகும் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிப்பது. நின்ற வண்டியை நிறுத்திவைக்க உதவும், வேகத்தில் இழுத்தால் ஷாஃப்ட்டுக்கும் ஆக்சிலுக்கும் அடி விழும். ஆகவே எந்த நிலையில் வாங்கினாலும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். சிலிக்கான் பிரேக் திரவத்துக்கு மாறுவதென்றால் எல்லா ரப்பரும் புதிதாக இருக்கும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே மாறலாம். டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். சக்கர நட்டுகளில் இடப்பக்கத்தவை எதிர்த்திசை மரை. தெரியாமல் பலம் கொடுத்தால் ஸ்டட் முறியும். டயர் உட்காரும் சக்கர விளிம்பு இரண்டு பாதிகளைப் போல்ட்டால் இணைத்தது. காற்றை முழுதாக இறக்கி, வால்வு ஊசியையும் கழற்றிய பிறகே அந்த விளிம்பு நட்டுகளில் கை வைக்க வேண்டும். காற்றோடு கழற்றியவர்கள் செத்திருக்கிறார்கள், இதில் மிகையேதும் இல்லை. டயரில் ரப்பர் புதுசுபோல் தெரியும், பக்கச்சுவரில் உற்பத்தித் தேதியையும் வெடிப்பையும் பாருங்கள்.

"நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்ற வண்டி" என்ற வாசகத்துக்கு ஒரு யூரோ கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், ஆவணம் இருந்தால் ஒழிய. ஒரு தனி வண்டியை ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவோடு இணைக்கும் காகிதம் அபூர்வத்திலும் அபூர்வம். பம்பரில் எழுதிய பிரிவு எண் பெயிண்ட்தான், யாரும் எழுதலாம். பானெட்டில் உள்ள பதிவெண் ஆம்புலன்ஸ்களுக்கு 7-இல் ஆரம்பிப்பது வழக்கம், அதுவாவது பொருந்துகிறதா பாருங்கள். டாஷ்போர்டுத் தகட்டில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி இருக்கும். அது 1944 ஜூனுக்குப் பிந்தையதாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. முந்தையதாக இருந்தால் கதை சாத்தியம், நிரூபணம் அல்ல. இந்தத் தகடுகளைப் புதிதாக அச்சடித்தும் விற்கிறார்கள், ஆகவே தகட்டின் சேசிஸ் எண்ணும் பிரெஞ்சுப் பதிவுப் புத்தகத்தின் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாத எண்ணோடு வாங்கினால் பிரிட்டனில் பதிவு செய்யும்போது மாதக்கணக்கில் அலைவீர்கள்.

செஞ்சிலுவைச் சின்னத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அது அலங்காரமல்ல, ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம். பிரிட்டனில் 1957-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பழைய வண்டி என்பது விலக்கு ஆகாது. நடைமுறையில் பலர் சாலையில் போகும்போது வண்டி நிறத்திலேயே காந்தத் தகடோ துணியோ கொண்டு சிலுவையை மூடிவிட்டு, கண்காட்சி நடத்துபவர்கள் அனுமதி ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் திறக்கிறார்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிக் கேட்பதே நல்லது.

காகித வேலை பயப்படும்படி இல்லை. முப்பது வருடத்தைத் தாண்டிய, அசல் நிலையில் உள்ள, இப்போது தயாரிப்பில் இல்லாத வண்டி என்றால் சேகரிப்புப் பொருள் என்ற வகையில் சுங்கப் பட்டியலின் 9705 தலைப்பின்கீழ் இறக்குமதி செய்யலாம்: சுங்கம் இல்லை, மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம். வேறு இன்ஜின், டிஸ்க் பிரேக் என்று பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தச் சலுகை ஆட்டம் காணும். வந்திறங்கிய 14 நாளுக்குள் வரித்துறையின் நோவா அறிவிப்பைச் செய்ய வேண்டும், பிறகு வி55/5 படிவத்தோடு டிவிஎல்ஏ என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிவு. நாற்பது வருடத்தைத் தாண்டியதால் சாலை வரி பூஜ்யம், பெரிய மாற்றம் இல்லையென்றால் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனை கட்டாயமில்லை, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணமும் இல்லை. எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும் முதல் வருடம் ஒன்று எடுத்துவிடுங்கள், பிரேக்கை இன்னொரு கண் பார்த்ததாக இருக்கும். பிரெஞ்சுப் பக்கத்தில், 75 வருடத்தைத் தாண்டிய வண்டிகளுக்குப் பண்பாட்டுப் பொருள் ஏற்றுமதி அனுமதி 50,000 யூரோவுக்கு மேல்தான், உங்களுக்குப் பொருந்தாது. விற்றதாகத் தேதியிட்டுக் கையெழுத்திட்ட பதிவுப் புத்தகத்தைக் கையில் வாங்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

காலி எடை 2,700 கிலோவை ஒட்டியது, ஏற்றத்தோடு 3,500-ஐத் தொடும். உங்கள் உரிமம் 1997-க்குப் பிந்தைய பி வகை என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள உச்ச எடை 3,500-க்கு மேல் போகக் கூடாது. சொந்த டிரெய்லரில் இழுத்து வரும் யோசனையை விடுங்கள், டிரெய்லரின் எடையும் சேர்ந்தால் பெரும்பாலான கார்களின் இழுவை வரம்பு முடிந்துவிடும். வண்டிகளை ஏற்றிச் செல்லும் தாழ்தள லாரி (லோ லோடர்) பேசுங்கள். உயரம் 2.29 மீட்டர், வீட்டு கராஜ் கதவை அளந்து பாருங்கள், பலருக்கு வாங்கிய பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. குடும்பம் என்றீர்கள்: பெல்ட் இல்லாத வண்டியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றக் கூடாது, அதற்கு மேற்பட்ட சிறுவர்கள் பின்னால் மட்டுமே உட்காரலாம். பின்னால் இருப்பதோ பக்கவாட்டைப் பார்த்த மடக்கு இருக்கை, மோதினால் எதுவும் பிடிக்காது. சட்டம் இடம் கொடுத்தாலும் நான் குழந்தைகளை ஏற்றச் சொல்ல மாட்டேன்.

விலைக்கு வருகிறேன். கூண்டின் அடிவரிசை கெட்டி, உள் இரும்புகள் பெரும்பாலும் உள்ளன, எண்கள் பொருந்துகின்றன என்றால் 24,500 கேட்பதில் அநியாயம் இல்லை. இன்ஜின் சுமாராக இருந்தாலும் அதற்குப் பக்கத்தில் கொடுக்கலாம். இன்ஜின் கடிகாரம்போல் ஓடி, கூண்டின் கீழ்ப்பாகம் பட்டியாகவும் உள்ளே வெறும் பெட்டியாகவும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் எனக்கு அது மலிவாகத் தெரியாது. நடுவில் இருக்கும் நிலைகளுக்கு உங்கள் பகுதியில் தகட்டு வேலை செய்பவரின் மணிக்கூலிதான் கணக்கைத் தீர்மானிக்கும், படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: பின் கதவு இரண்டும் திறந்து உள்ளே தெரியும் படம், இரு பக்கச் சுவரின் உள்பக்கம், அடியிலிருந்து எடுத்த கூண்டுத் தாங்கிகள், இன்ஜின் எண், டாஷ்போர்டுத் தகடு. கூடவே சக்கர மையங்களுக்கு நடுவே டேப் பிடித்த அளவு. இரண்டு வாரத்துக்குள் அனுப்பினால் போய்ப் பாருங்கள், அனுப்பாமல் "நிறையப் பேர் கேட்கிறார்கள், முன்பணம் போடுங்கள்" என்றால் அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்.